மித்தம் போன பிறகு

ஸ்ரீரங்கத்து வீடுகளும் இன்றைய உள்ளலங்காரமும்

மே மாதம், காலை பதினொரு மணி. வெளியே தெற்கு உத்திர வீதியில் வெயில் கண்ணைக் கூசுகிறது. செருப்பைக் கழற்றிவிட்டுக் கோயிலுக்குப் போகிறவர்கள் தார் ரோட்டில் ஓட்டமும் நடையுமாகப் போகிறார்கள். நான் உட்கார்ந்திருக்கும் ஹாலில் பதினான்கு விளக்குகள் எரிகின்றன. எண்ணிப் பார்த்தேன். ஃபால்ஸ் சீலிங்கைச் சுற்றி ஒரு வரிசை, பெருமாள் அலமாரிக்கு மேலே இரண்டு, டிவிக்குப் பின்னால் நீலமாக ஒரு பட்டை.

"சித்தி, ஒரு நிமிஷம் எல்லாத்தையும் அணையுங்கோளேன்" என்றேன்.

அணைத்தார். எதிரே இருந்த சித்தியின் முகம் காணாமல் போனது. இருட்டிலிருந்து குரல் மட்டும் வந்தது: "பாத்தியா, கிணத்துக்குள்ள உக்காந்த மாதிரி இருக்கும். அதான் டிசைனர் இவ்வளவு லைட்டு போட்டார்."

இந்த அடுக்குமாடி நிற்கிற மனை என் பாட்டியுடையது. அகலம் பதினெட்டு அடி. நீளம் நூற்றிருபதுக்குக் கொஞ்சம் மேலே. ஸ்ரீரங்கத்து வீதிகளில் வீடு பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு பழகியதுதான்: ரயில் பெட்டி மாதிரி ஒரு மனை, இரு பக்கமும் அடுத்த வீட்டோடு ஒட்டிய சுவர். வாசலையும் கொல்லையையும் விட்டால் ஜன்னல் வைக்க இடமே கிடையாது. அப்படியும் அந்த வீட்டில் பகலில் விளக்குப் போட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. வீட்டின் நடுவில் மித்தம் இருந்தது.

எழுதும்போது முற்றம் என்போம். வாயில் வருவது மித்தம்தான். கூடத்தின் நடுவே, கூரையில்லாமல், தரையைவிட ஓர் அடி பள்ளமாக, பட்டியக்கல் பாவிய சதுரம். குரங்குக்காகவும் திருடனுக்காகவும் மேலே இரும்புக் கம்பி போட்டிருக்கும். மழை பெய்தால் நாலு பக்கத்து ஓட்டுத் தண்ணீரும் அதில்தான் கொட்டும். அண்டாவைக் கொண்டுவந்து வைப்பார்கள். வெயில் மித்தத்தில் இறங்கி, தாழ்வாரத்தில் ஏறி, தூண் தூணாக நகரும். பாட்டி கடிகாரம் பார்க்க மாட்டாள். வெயில் இரண்டாவது தூணைத் தொட்டால் தளிகை முடிந்திருக்க வேண்டும்.

வெளிச்சம் மட்டுமல்ல, காற்றுக்கும் அதுவே வழி. சூடான காற்று லேசானது. மித்தத்தின் வழியே மேலே போய்விடும். போன இடத்தை நிரப்ப வாசல் திண்ணை நிழலிலிருந்தும், கொல்லையின் கிணற்றடி ஈரத்திலிருந்தும் குளிர்ந்த காற்று உள்ளே வரும். வாசல் கதவு, ரேழிக் கதவு, கூடத்துக் கதவு, கொல்லைக் கதவு எல்லாம் ஒரே நேர்க்கோட்டில் இருக்கும். வாசலில் நின்று பார்த்தால் கொல்லைத் துளசி தெரியும். ஆடிக்காற்றுக் காலத்தில் கதவுகளுக்குக் கல் முட்டுக்கொடுத்து வைக்க வேண்டும், இல்லையென்றால் ஒன்றன்பின் ஒன்றாகப் பட்பட்டென்று சாத்திக்கொள்ளும்.

பெருமைப்படுவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த வீட்டில் எல்லோரும் சௌக்கியமாக இருந்தார்கள் என்பது பொய். ராத்திரி கழிப்பறைக்குப் போக நூறு அடி இருட்டில் நடக்க வேண்டும். தளிகை உள்ளில் விறகுப் புகை. மாதத்தில் மூன்று நாள் பெண்கள் கொல்லைப் பக்கத்து அறையில் தனியே கிடந்தார்கள். திண்ணையோடு நிற்க வேண்டியவர் யார், ரேழிவரை வரலாம் என்றிருந்தவர் யார், கூடத்தில் உட்காரத் தகுந்தவர் யார் என்று மனிதர்களை அளக்கவும் அந்த நூற்றிருபது அடியில் ஒரு கணக்கு இருந்தது. எழுத்தாளர் சுஜாதா கீழச் சித்திரை வீதியில் பாட்டி வீட்டில் வளர்ந்தவர். அவருடைய ஸ்ரீரங்கத்துக் கதைகளில் திண்ணைகள் எவ்வளவு கலகலப்பாக இருக்கும் என்று வாசகர்களுக்குத் தெரியும். அதே திண்ணை சிலருக்கு எல்லைக்கோடாகவும் இருந்தது. அடுக்குமாடியில் லிஃப்ட் எல்லோரையும் ஒரே வாசலுக்குத்தான் கொண்டுவந்து விடுகிறது. அதில் எனக்கு வருத்தம் எதுவும் இல்லை.

வருத்தம் வேறு இடத்தில்.

இடித்ததைத் திரும்ப வாங்குவது

பாட்டி போனபின் பங்கு பிரிந்தது. ஐந்து பேருக்குப் பதினெட்டு அடி அகல வீட்டை எப்படிப் பிரிப்பது? பில்டரிடம் கொடுத்தார்கள், ஆளுக்கு ஒரு ஃபிளாட் என்று ஏற்பாடு. இடிக்க வந்தவர்கள் முதலில் கழற்றிக்கொண்டு போனது தேக்கு நிலையையும் கதவையும். அப்புறம் தூண்கள், உத்தரக்கட்டைகள், கடைசியாகப் பட்டியக்கல். இடிக்கிற கூலிக்கு ஈடாக மரம் என்பது பேச்சு. அந்தக் கதவு எங்கே போயிற்றென்று எங்களில் யாருக்கும் தெரியாது.

இப்படிப் போகிற மரங்களுக்கென்று காரைக்குடியில் ஒரு தெருவே இருக்கிறது. முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில் தூண், நிலை, மணிக்கதவு, பீங்கான் ஜாடி, எனாமல் பாத்திரம், யாரோ ஒருவருடைய தாத்தாவின் கண்ணாடி போட்ட புகைப்படம் என எல்லாமே விலைக்கு உண்டு. திருச்சியிலிருந்து சுமார் தொண்ணூறு கிலோமீட்டர். சென்னை, பெங்களூரிலிருந்தெல்லாம் டிசைனர்கள் வந்து அள்ளிக்கொண்டு போகிறார்கள்.

சித்தியின் ஹாலைப் பாருங்கள். டிவிக்கு இரு பக்கமும் அரையளவுக்கு அறுத்த இரண்டு மரத்தூண்கள். சீலிங்கைத் தாங்கவில்லை, பிளைவுட்டில் திருகு போட்டு ஒட்டவைத்தது. ஒரு மூலையில் ஊஞ்சல். ஆனால் ஃபால்ஸ் சீலிங் போட்டபின் கொக்கி மாட்ட வழியில்லாததால் இரும்பு ஸ்டாண்டில் தொங்குகிறது. ஆடினால் சுவரில் இடிக்கும். அதனால் அதன்மேல் துவைத்த துணி மடித்து வைத்திருக்கிறார்கள். சுவரில் சதுரமாக ஒரு கண்ணாடி. அதைச் சுற்றிப் பழைய ஜன்னல் சட்டம். வீட்டையே இடித்தோம். பிறகு அதே வீட்டைத் துண்டு துண்டாகக் காசு கொடுத்து வாங்கி மாட்டிக்கொண்டோம். எல்லாம் கிடைத்தது. மித்தம் மட்டும் எந்தக் கடையிலும் இல்லை.

டிசைனரைக் குறை சொல்லி என்ன பயன்? அவர் கைக்கு வரும்போது வீடு முடிந்துவிட்டது. ஜன்னல் எங்கே, தூண் எங்கே என்பதெல்லாம் பில்டரின் சதுர அடிக் கணக்கில் முடிவானவை. வெறும் வானத்தைச் சதுர அடிக்கு விற்க முடியாது என்பதால் வெட்டவெளி முதலில் வெட்டப்பட்டது. மிச்சத்தில் அழகு பண்ணித் தாருங்கள் என்று கேட்டால் அவரும் பதினான்கு விளக்குதான் போடுவார்.

கொழும்பு 33-ஆவது ஒழுங்கை

இதே கணக்கை வேறு மாதிரிப் போட்டுக் காட்டிய ஒருவர் பக்கத்துத் தீவில் இருந்தார். கட்டடக்கலை படிக்கிற பிள்ளைகளுக்கு ஜெஃப்ரி பாவாவைத் தெரியும். வீடு கட்டுகிற நமக்கும் தெரிந்திருக்க வேண்டியவர்.

1919-இல் கொழும்பில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் ஆங்கில இலக்கியம், பிறகு லண்டனில் சட்டம். ஊர் திரும்பிக் கொஞ்ச காலம் வக்கீல் வேலை, பிடிக்கவில்லை. உலகம் சுற்றினார். 1948-இல் பெந்தோட்டைக்குப் பக்கத்தில் ஏரிக்கரையில் ஒரு பழைய ரப்பர் தோட்டத்தை வாங்கி லுனுகங்கை என்று பெயர் வைத்து, தன் இஷ்டத்துக்கு மண்ணை வெட்டவும் மரத்தை நகர்த்தவும் ஆரம்பித்தார். மனசில் இருப்பதைக் கட்டக் கை தெரியவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. திரும்ப மாணவனாக லண்டன் போனார். கட்டடக்கலைஞராகத் தகுதி பெற்றது 1957-இல், வயது முப்பத்தெட்டு. இலங்கையின் கோட்டே நாடாளுமன்றத்தைக் கட்டியதும், 2001-இல் ஆகா கான் விருதுக் குழுவின் தலைவர் விருது பெற்றதும் அதற்குப் பிறகு வந்த கதை. மதுரையிலும் 1970-களில் ஒரு கிளப் கட்டடம் வடிவமைத்திருக்கிறார். நமக்கு வேண்டியது அவருடைய சொந்த வீடு.

கொழும்பில் ஒரு முட்டுச்சந்து; 33-ஆவது ஒழுங்கை. அதில் வரிசையாக ஒட்டிக் கட்டிய நான்கு சின்ன வீடுகள். 1958-இல் பாவா அதில் ஒன்றைப் பிடித்தார். அடுத்த பத்து ஆண்டுகளில் மற்ற மூன்றும் ஒவ்வொன்றாக அவர் கைக்கு வந்தன. இரு பக்கமும் அடைத்த நீளமான மனை, ஜன்னல் வைக்க வெளிச்சுவர் இல்லை. நம் உத்திர வீதி மனையை எடுத்துக்கொண்டுபோய்க் கொழும்பில் வைத்த மாதிரிதான்.

அவர் என்ன செய்தார்? சுவர்களை உடைத்து நான்கையும் கோத்தார். ஆங்காங்கே கூரையை எடுத்தார். ஓர் ஆள் நிற்கிற அளவுக்கு ஒரு வெளிச்சக் கிணறு, ஒரு செடி வைக்கிற அளவுக்கு ஒரு மித்தம், தாமரை இலை அளவுக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி. நீளமான வெள்ளை நடையில் இருட்டிலிருந்து நடந்து போனால் கடைசியில் வானத்திலிருந்து வெளிச்சம் விழுகிற இடம் வரும். அங்கே, அந்த வெளிச்சத்தில், செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த மரத்தூண்கள் நிற்கின்றன. தென்னிந்தியாவிலிருந்து போன பழங்கதவுகளும் அந்த வீட்டில் உண்டு.

கவனியுங்கள், அவரும் இடித்த வீட்டுத் தூணை வாங்கியவர்தான். காரைக்குடித் தெருவில் அள்ளுகிற டிசைனருக்கும் அவருக்கும் அதுவரை வித்தியாசம் இல்லை. ஆனால் தூணை வாங்குவதற்கு முன்னால் அது நிற்பதற்கு ஒரு மித்தத்தை உண்டாக்கினார். தூண் எந்த வெளிச்சத்தில் நின்று பழகியதோ அதே வெளிச்சத்தில் அதை நிறுத்தினார். சித்தி வீட்டுத் தூணுக்குக் கிடைத்தது நீல எல்.இ.டி.

பாவா 1960-களின் தொடக்கத்தில் எனா டி சில்வா என்ற பாத்திக் கலைஞருக்குக் கொழும்பில் ஒரு வீடு கட்டினார். அதுவும் சின்ன மனைதான். அதுவரை கொழும்பில் வசதியானவர் வீடென்றால் நடுவில் பங்களா, சுற்றிலும் தோட்டம். இவர் மனையின் விளிம்புவரை சுவரைக் கொண்டுபோய்விட்டு, தோட்டத்தை வீட்டுக்குள் இழுத்தார். நடுவில் பெரிய மித்தம், சுற்றிலும் தாழ்வாரம். சிங்களத்தில் முற்றத்துக்கு மிதுல என்று பெயர். முதல் தடவை கேட்டபோது எனக்குப் பாட்டி கூப்பிட்ட மாதிரி இருந்தது.

அந்த வீட்டுக்கும் பாட்டி வீட்டுக்கு வந்த நிலைமை வந்தது. அரை நூற்றாண்டு கழிந்தபின் மனை கைமாறியது, இடிக்க வேண்டும். ஆனால் அங்கே ஒவ்வொரு கல்லுக்கும் ஓட்டுக்கும் மரத்துக்கும் எண் போட்டார்கள். கழற்றி, லுனுகங்கைக்குக் கொண்டுபோய், அதே வரிசையில் திரும்பக் கட்டினார்கள். பல வருஷ வேலை, 2016-இல் முடிந்தது. அந்த வீட்டின் கதவுகளும் தூண்களும் மட்டுமில்லை, மித்தமும் இடம் மாறிப் போயிருக்கிறது.

பாவாவின் வேலைமுறையில் எனக்குப் பிடித்தது இன்னொன்று. தனியாளாக எதையும் செய்ததில்லை. துணிக்குப் பார்பரா சன்சோனியின் கைத்தறி, கூரையில் விரிக்க எனாவின் பாத்திக், சிற்பத்துக்கு லக்கி சேனநாயக. வெளிநாட்டுச் சாமான் கிடைக்காத காலம் அது. இலங்கையில் இறக்குமதிக் கெடுபிடி இருந்தது. ஊர்க் கைகளில் இருப்பதை வைத்தே ஒப்பேற்ற வேண்டியிருந்தது, அதுவே அவர் பாணியாகவும் ஆயிற்று. 33-ஆவது ஒழுங்கை வீட்டை அவர் முடித்தாரா என்று கேட்டால், முடிக்கவே இல்லை. சுமார் நாற்பது வருஷம் நாற்காலியை நகர்த்திக்கொண்டும் சுவரைத் திறந்துகொண்டும் இருந்தார். 2003-இல் காலமானார்.

நம் ஊர் விளம்பரப் பலகை சொல்கிறது: நாற்பத்தைந்தே நாளில் முழு வீட்டு இன்டீரியர்.

போர்டு மாட்டுவது சுலபம்

திருச்சி தில்லைநகர் கிராஸ்களில் நடந்தால் இன்டீரியர் போர்டுகளை எண்ணி மாளாது. ஒரு காலத்தில் டாக்டர் போர்டுகள்தான் அப்படி இருந்தன. இப்போது இரண்டும் சரிக்குச் சரி. இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் பல வழியில் வருகிறார்கள். துவாக்குடி என்.ஐ.டி.யில் கட்டடக்கலைத் துறை இருக்கிறது. அங்கே படித்தவர்கள் ஒருபுறம். டிப்ளமோ முடித்தவர்கள், பிளைவுட் கடை வைத்திருந்து அப்படியே மேலே வந்தவர்கள், ஆசாரி வேலையிலிருந்து 3டி கற்றுக்கொண்டவர்கள் இன்னொருபுறம். சொல்லப்போனால் கடைசி ரகத்தில் சிலர் முதல் ரகத்தைவிடக் கெட்டிக்காரர்கள்.

ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. ஆர்க்கிடெக்ட் என்று போட்டுக்கொள்ள 1972-ஆம் ஆண்டின் சட்டப்படி கட்டடக்கலைக் கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். அதே 1972-இல்தான் இந்திய இன்டீரியர் டிசைனர்களின் அமைப்பும் தொடங்கியது. ஆனால் இன்டீரியர் டிசைனர் என்று போர்டு மாட்ட எந்தச் சட்டப் பதிவும் தேவையில்லை. நாளைக்கு நானே மாட்டலாம். ஆகவே சான்றிதழைவிட, அவர் முடித்துக் கொடுத்து ஐந்து வருஷம் ஆன ஒரு வீட்டைப் பார்க்கக் கேளுங்கள். புது வீடு எல்லாமே அழகுதான்.

நான் அதைக் கேட்காமல் ஏமாந்தவன். நான் சொந்தமாக வாங்கிய ஃபிளாட்டுக்கு வேலை எடுத்தவர் லேப்டாப்பில் காட்டிய படத்தில் மாலை வெயில் சமையலறை முழுக்கப் பரவியிருந்தது. அந்தச் சமையலறைக்கு மேற்கே ஜன்னலே கிடையாது என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை. வார்னிஷ் வாசனையோடு குடிபோனோம். இரண்டாவது மழைக்காலத்தில் சிங்குக்குக் கீழே இருந்த கதவு ஊறி, உப்பி, பூரி மாதிரி ஆயிற்று. தட்டிப் பார்த்தபோது உள்ளே பிளைவுட் இல்லை, மரத்தூளை அழுத்திச் செய்த பலகை. கேட்டதற்கு, எஸ்டிமேட்டில் "போர்டு" என்றுதானே சார் போட்டிருக்கிறோம் என்றார். உண்மைதான், அப்படித்தான் போட்டிருந்தது.

அன்று கற்றதை இலவசமாகத் தருகிறேன். தண்ணீர் படும் இடத்துக்கு ஐ.எஸ். 710 முத்திரையுள்ள பிளைவுட் வேண்டும். மெரைன் கிரேடு என்று கேட்டால் கடையில் தெரியும். ஐ.எஸ். 303 முத்திரை படுக்கையறை வார்ட்ரோபுக்குப் போதும். எஸ்டிமேட்டில் முத்திரை எண்ணோடு எழுதி வாங்குங்கள். பலகையின் வெட்டு விளிம்பை லேமினேட் ஒட்டுவதற்கு முன் ஒருதடவை கண்ணால் பாருங்கள். மாப்பிள்ளை பார்க்கப் போனவர்கள் தாம்பாளத்தை மட்டும் பார்த்துவிட்டு வந்த கதையாகிவிடக் கூடாது.

ஸ்ரீரங்கத்துக்கென்று தனியாக ஒரு தொல்லை உண்டு: ஓதம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே உள்ள தீவு இது. பூமியின் ஈரம் செங்கல்லின் நுண்துளைகள் வழியே சுவரில் ஏறும். பழைய சுவர்களில் சுண்ணாம்புப் பூச்சு இருந்ததால் ஏறிய ஈரம் அப்படியே மூச்சுவிட்டு வெளியேறியது. அதன்மேல் சிமென்டைப் பூசி, பிளாஸ்டிக் எமல்ஷன் அடித்தால் ஈரத்துக்கு வழி அடைபடுகிறது. அது இன்னும் உயரே ஏறுகிறது. பெயின்ட் கொப்புளிக்கிறது, உப்புப் பூக்கிறது. இதை மறைக்க பி.வி.சி. பேனல் அடிக்கிறார்கள். நோயாளிக்குப் பட்டுச் சட்டை போட்டமாதிரி. பேனலுக்குப் பின்னால் பூஞ்சை குடும்பம் நடத்துகிறது. அந்தச் சுவரில் தங்கரேக்கு ஒட்டிய தஞ்சாவூர் ஓவியத்தை மாட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு அழுகை வரும். பலகையில் துணி ஒட்டி, சுண்ணம் பூசி எழுதுகிற படம் அது. ஈரம் அதற்கு எமன். ரங்கநாதர் கோயிலில் பழைய பொருட்களையும் பழைய முறைகளையும் மதித்துத் திருப்பணி செய்ததற்காக 2017-இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் விருது கிடைத்தது. கோயில் சுவருக்குத் தெரிந்தது கூப்பிடு தூரத்தில் இருக்கும் வீட்டுச் சுவருக்குத் தெரியவில்லை.

திருச்சிப் பக்கமும் கதை இதுவே. பொன்மலை ரயில்வே காலனி, பெல் குடியிருப்பு போன்ற பழைய குவார்ட்டர்ஸ்களில் கூரைக்குக் கொஞ்சம் கீழே வென்டிலேட்டர் இருக்கும். சூட்டுக் காற்று வெளியேற அதுதான் வழி. ரிட்டயர் ஆனவர்கள் கே.கே. நகரில் கட்டிய சொந்த வீட்டில் அது இருப்பதில்லை. இருந்தாலும் ஏ.சி.க்காக அட்டை வைத்து அடைத்திருப்பார்கள்.

நூறு கிலோமீட்டருக்குள்

நியாயமாகப் பார்த்தால் திருச்சியில் வேலை செய்யும் டிசைனர்தான் தமிழ்நாட்டிலேயே கொடுத்துவைத்தவர். ஊரிலிருந்து பஸ் ஏறினால் இரண்டு, மூன்று மணி நேரத்துக்குள் தரைக்கும் சுவருக்கும் ஜன்னலுக்கும் விளக்குக்கும் ஊர் ஊராகக் கைவேலைக்காரர்கள்.

கரூரை எடுத்துக்கொள்ளுங்கள். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சமையலறைத் துணி, மேசை விரிப்பு, திரைச்சீலை என்று தொங்குவதில் எவ்வளவோ அங்கே தைத்து அனுப்பியவை. அதை விட்டுவிட்டு என்.எஸ்.பி. ரோட்டில் பளபளவென்று பாலியஸ்டர் வாங்கி மாட்டுகிறோம். மே மாத மேற்கு வெயிலில் அது கதகதவென்று கொதிக்கும். கரூர் பருத்தித் திரைச்சீலை கொஞ்சம் வெளிச்சத்தையும் கொஞ்சம் காற்றையும் உள்ளே விடும்.

முசிறிப் பக்கம் காவிரிக் கரையில் கோரை விளைகிறது. அதில் நெய்த பாய் வெயிலுக்கு முதுகைச் சில்லென்று வைக்கும். அதைச் சுருட்டிப் பரணில் போட்டுவிட்டோம். இப்போது சில டிசைனர்கள் அதையே ஜன்னல் மறைப்பாகவும் அலமாரிக் கதவில் பதிக்கவும் எடுக்கிறார்கள். நல்ல யோசனை. பலகையைவிடக் காற்றோட்டம் உண்டு. பருப்பு டப்பாவில் வண்டு வராது என்று சொல்லமாட்டேன், புழுக்க வாசனை வராது.

தரைக்கு ஆத்தங்குடி. அதைச் செய்வதை ஒருமுறை நேரில் பாருங்கள். ஒரு கண்ணாடித் தகடு. அதன்மேல் உலோக அச்சு. அச்சின் கட்டங்களில் நிறம் கலந்த சிமென்ட் குழம்பைக் கரண்டியால் ஊற்றுவார்கள். அச்சைத் தூக்கினால் பூவும் கொடியும் கலையாமல் நிற்கும். பின்னால் மணலும் சிமென்டும் போட்டு அழுத்தி, காயவைத்து, தண்ணீர்த் தொட்டியில் நாட்கணக்கில் ஊறவிடுவார்கள். சூளையில் சுடுவதே கிடையாது. கடைசியில் கண்ணாடியிலிருந்து கல் பிரிந்து வரும். அந்த வழவழப்பு கண்ணாடி கொடுத்தது. மிதிக்க மிதிக்க மெருகேறும். ஆனால் எலுமிச்சைச் சாறோ ஆசிட்டோ பட்டால் கறை விழும். ஃபினாயில் ஊற்றி நுரைக்க நுரைக்கக் கழுவுகிற வீட்டுக்கு ஆகாது. இதைச் சொல்லாமல் ஆத்தங்குடி போடுகிற டிசைனர், வாடிக்கையாளரிடம் ஒரு வருஷத்தில் திட்டு வாங்குவார்.

நாச்சியார்கோயில் குத்துவிளக்கு பற்றிச் சொல்ல அதிகமில்லை. அதை ஏற்றுங்கள், ஃபோகஸ் லைட்டுக்குக் கீழே பொம்மையாக நிறுத்தாதீர்கள்.

இத்தனையும் வாங்கினாலும் சித்தி வீட்டுக் கூத்துத் திரும்ப நடக்கலாம். ஆத்தங்குடி போட்ட இருட்டு ஹால் ஆத்தங்குடி போட்ட இருட்டு ஹாலாகத்தான் இருக்கும். பொருளில் ஆரம்பிக்கிறவர்மேல் எனக்கு நம்பிக்கை வருவதில்லை. நல்ல டிசைனர் முதல்நாள் டேப்பை எடுப்பதற்கு முன்னால் காலையிலும் சாயங்காலமும் ஒருதடவை வந்து சும்மா உட்கார்ந்துவிட்டுப் போவார். வெயில் எந்தப் பக்கம் நுழைகிறது, பாட்டி எங்கே காலை நீட்டிக்கொண்டு கீரை ஆய்கிறாள், பிள்ளைகள் செருப்பை எங்கே எறிகின்றன என்று பார்ப்பார். அதற்கு அவர் காசு கேட்டால் கொடுங்கள். 3டி படத்துக்குக் கொடுப்பதைவிட அது நியாயமான செலவு.

புதிதாகக் கட்டுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பதினெட்டு அடி மனையானாலும் நடுவில் ஐந்துக்கு ஐந்தடி வானத்தை விட்டுவைக்க முடியுமா என்று பொறியாளரிடம் கேளுங்கள். மழைக்கும் குரங்குக்கும் பயமென்றால் மேலே கண்ணாடி போட்டு, பக்கவாட்டில் காற்றுப் போக இடைவெளி விடலாம். இடைவெளி விடாமல் கண்ணாடியால் மூடினால் வீடு குக்கர் ஆகிவிடும். அப்படி ஆன வீடுகளையும் பார்த்திருக்கிறேன். ஃபிளாட் வாங்குகிறவர்கள் பகல் பன்னிரண்டு மணிக்கு, மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் பாருங்கள். பழைய வீட்டை இடித்தே தீரவேண்டிய குடும்பங்கள் ஆளை விடுவதற்கு முன்னால் நிலை, தூண், மித்தம் எல்லாவற்றையும் அளந்து ஒரு நோட்டில் எழுதி, நாலு படம் எடுத்து வையுங்கள். நாங்கள் செய்யவில்லை. பாட்டி வீட்டு மித்தத்தின் நீள அகலம் என்னவென்று எங்கள் குடும்பத்தில் இன்று யாருக்கும் தெரியாது.

சித்தி வீட்டில் விளக்கை அணைத்த அன்று, டிவி யூனிட்டின் ஓரத்தில் ஒரு கோடு வெளிச்சம் தெரிந்தது. பின்னால் தடவிப் பார்த்தால் ஜன்னல். கிழக்குப் பக்கம், பக்கத்துக் கட்டடத்துக்கும் இதற்கும் நடுவே விட்ட சந்தைப் பார்த்து பில்டர் வைத்த மூன்றடி ஜன்னல். டிவி வைக்க நீளமான சுவர் வேண்டும் என்று அதன்மேல் பலகை அடித்திருந்தார்கள். சித்தி குடிவந்து ஆறு வருஷம் ஆகிறது. அங்கே ஜன்னல் இருப்பதே மறந்துபோயிருந்தது.

ஆசாரி வந்து அரை நாளில் கழற்றினார். அறுத்த தூண் இரண்டும் மொட்டை மாடிக்குப் போயின. டிவி எதிர்ச் சுவருக்கு, கொஞ்சம் சின்னதாக. ஊஞ்சல் பலகையை ஸ்டாண்டிலிருந்து இறக்கி, ஜன்னலுக்குக் கீழே பெஞ்சாகப் போட்டாயிற்று. ஒன்பது மணியிலிருந்து பத்தேகால் வரை அங்கே வெயில் விழுகிறது. சித்தி அதில் உட்கார்ந்து, விளக்குப் போடாமல், கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டுக்கொண்டு தினசரி முழுவதையும் படித்து முடிக்கிறார்.